கன்று என்றோர் உறவுப்பெயர்

பசுவுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு, புலிக்குப் பறழ், சிங்கத்துக்குக் குருளை, அணிலுக்குப் பிள்ளை. மரபுச் சொற்கள் என்ற தலைப்பில் இந்தப் பட்டியலை ஒப்பிக்காமல் தமிழ்வழியில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவர்கள் குறைவு. தேர்வில் ஒரு மதிப்பெண். மாட்டுக்குட்டி என்று எழுதியவனுக்கு அதுவும் கிடையாது. ஏன் தவறு என்று கேட்டால், மரபு அப்படி என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மாடு வைத்திருக்கிற வீட்டில் இந்தத் தவறு நடப்பதே இல்லை. ‘ஆடு குட்டி போட்டிருக்கு’ என்று சொல்கிற அதே வாய், அடுத்த மூச்சில் ‘மாடு கன்னு போட்டிருக்கு’ என்கிறது. எழுத்து வாசனையே இல்லாதவரும் இதில் தடுமாறுவதில்லை. அந்த நாக்குக்குத் தெரிந்த ஏதோ ஒன்று பாடப்புத்தகத்தில் விடுபட்டிருக்கிறது. கன்று என்பதற்கு ‘மாட்டின் குட்டி’ என்று பொருள் எழுதி அடுத்த சொல்லுக்குப் போய்விடுவதால் வரும் குறை அது. சொல்லின் புழக்கத்தைப் பின்தொடர்ந்து பார்த்தால், மகன், மகள், தம்பி என்பவற்றைப் போல கன்றும் ஓர் உறவுப்பெயராகவே எனக்குத் தெரிகிறது. தாயை ஒட்டி, தாயின் பாலில் உயிரை வைத்திருக்கிற ஒன்றுக்கு இட்ட பெயர் அது. பக்கத்தில் தாயை நிறுத்தாமல் அந்தச் சொல்லை விளங்கிக்கொள்ள முடியாது.

இதற்கு முதல் எதிர்ச்சாட்சி தொல்காப்பியமே. பொருளதிகாரத்தின் கடைசி இயலான மரபியல், பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது பெயர்களை அடுக்கி, இவை இளமைப் பெயர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இளமை என்றால் வயதுதானே, உறவு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இளமை ஒன்றே அளவுகோல் என்றால் ஒரு பெயர் போதும், ஒன்பது எதற்கு? மரபியலின் நுட்பம் அந்த ஒன்பதையும் உயிர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. பறப்பவற்றுக்கும் தவழ்பவற்றுக்கும் பார்ப்பும் பிள்ளையும் போகின்றன. கீரி, காட்டுப்பூனை, எலி, அணில் நான்குக்கும் குட்டி, அவற்றைப் பறழ் என்றாலும் குற்றமில்லை. நாய், பன்றி, புலி, முயல் நான்குக்கும் குருளை, நரியும் அதில் சேரலாம். ஆட்டுக்கும் மான் வகைகளுக்கும் மறி. யானை, குதிரை, கழுதை, கடமை, பசு, எருமை, மரை, ஒட்டகம் என்று நீளும் வரிசைக்குக் கன்று. மனிதக் குழந்தைக்கு அந்த நூல் அனுமதிப்பவை குழவி, மகவு என்ற இரண்டே பெயர்கள். இன்று நாம் வாய் நிறையச் சொல்லும் ‘பிள்ளை’ அந்தக் கணக்கில் மனிதருக்கு உரியதே இல்லை. கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, அணில்பிள்ளை, தென்னம்பிள்ளை என்ற சொற்களில் அந்தப் பழைய உரிமை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கன்று பெற்ற வரிசையை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஈற்றுக்கு ஒன்று ஈனுபவை. பிறந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அந்த ஒன்று எழுந்து நின்று தாயின் பின்னால் நடக்கும். மந்தையோ கூட்டமோ நகர்ந்தால் அதுவும் நகர்ந்தாக வேண்டும், ஆகவே அதைப் பார்ப்பவர் கண்ணில் தாயும் சேர்ந்தே படுகிறது. எலியும் அணிலும் பூனையும் நாயும் அப்படியல்ல. அவை வளையிலோ கூட்டிலோ புதரிலோ கண் திறவாத பலவற்றை ஒருசேர ஈனுகின்றன. குட்டிகள் தாமாக வெளியே வரும்வரை நாம் அவற்றைப் பார்ப்பதே அரிது, வரும்போது தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுமில்லை. இந்தப் பிரிவினை முழுக்கப் பொருந்துகிறது என்று நான் வாதாட மாட்டேன். குரங்கு ஒற்றைக் குட்டியை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறது, அதற்குக் குட்டி என்றே பெயர். குதிரைக்கு ஒரே இயலில் கன்றும் உண்டு, மறியும் உண்டு. மொழி வரைபடத்தாளில் கோடு போட்டுப் பிறந்ததல்ல. இருந்தாலும், தாயின் காலடியில் ஒற்றையாக நிற்கும் உயிருக்கே கன்று என்ற பெயர் பெரும்பாலும் போயிருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை.

உறவுப்பெயருக்கு ஓர் அடையாளம் உண்டு. அது மறுபக்கத்துக்கும் ஒரு பெயரை உண்டாக்கும். கணவன் என்றால் மனைவி, மருமகள் என்றால் மாமியார். கன்றும் அப்படியே தாய்க்குப் பெயர் கொடுத்திருக்கிறது. கன்று, ஆ இரண்டும் சேர்ந்தால் மெல்லின ஒற்று வல்லினமாகி ‘கற்றா’ என்று வரும். கன்றை உடைய பசு என்பது அதன் பொருள். பழைய பக்தி இலக்கியத்தில் தவிப்புக்கு உவமை வேண்டும் இடத்தில் வந்து நிற்பது வெறும் பசு அல்ல, இந்தக் கற்றாதான். அதைவிட நுட்பமான சொல் ஒன்றும் இருக்கிறது: புனிறு. ஈன்று சில நாளே ஆன அந்தப் பச்சை நிலைக்கு மட்டும் உரிய சொல். தொல்காப்பியத்தின் உரியியல் இதற்கென்றே ஒரு நூற்பாவை ஒதுக்கியிருக்கிறது. புதிதாக ஈன்ற பசு புனிற்றா. அப்போது அதன் அருகே போனால் முட்ட வரும், மடியில் சீம்பால் கட்டியிருக்கும், கன்றை விட்டு இரண்டடி நகராது. அந்த நாட்களுக்கு ஒரு தனிச்சொல் வேண்டும் என்று நினைத்த மொழி, கன்றைத் தாயிலிருந்து பிரித்துப் பார்த்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இந்தச் சொல் எதைப் பிடித்திருக்கிறது என்பதை அறியத் தொழுவத்துக்குத்தான் போக வேண்டும். கன்று விழுந்ததும் தாய் அதை நக்கி நக்கி உலர்த்துகிறது. நனைந்த கன்று நாலு முறை எழுந்து மூன்று முறை விழுகிறது. எழுந்து நின்றதும் முதலில் தாயின் முன்னங்கால் பக்கம் போய் வெறும் தோலைச் சப்புகிறது, பிறகு வயிற்றோரமாகவே மோந்துகொண்டு பின்னால் வந்து காம்பைப் பிடிக்கிறது. அந்த முதல் வாய்ப் பாலில்தான் அதன் பிழைப்பு இருக்கிறது. மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருப்பையிலேயே நஞ்சுக்கொடி வழியாக ஓரளவு வந்து சேர்ந்துவிடுகின்றன. மாட்டின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. கன்று கிட்டத்தட்ட வெறுங்கையோடு பிறக்கிறது, அதற்குத் தேவையானது எல்லாம் சீம்பாலில் இருக்கிறது. அந்தப் பொருள்களை அப்படியே இரத்தத்துக்குள் ஏற்றிக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரம் நன்றாக இருக்கும், ஒரு நாளுக்குள் அந்தக் கதவு மூடிவிடும். நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் கொடுக்கக் கூடாது என்று சில வீடுகளில் காத்திருக்கும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. அந்தக் காத்திருப்பில் எத்தனையோ கன்றுகள் வீணாகப் போகின்றன. கால்நடை மருத்துவர்கள் மேடைக்கு மேடை இதைச் சொல்வது சும்மா இல்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும்.

வயிற்றுக்குள்ளும் அதே கதைதான். அசைபோடும் விலங்குக்கு நான்கு இரைப்பை என்று படித்திருக்கிறோம். ஆனால் பிறந்த கன்று அசைபோடும் விலங்காக இன்னும் ஆகவில்லை. அதற்கு வேலை செய்வது நான்காவது இரைப்பை மட்டும். கன்று கழுத்தை நீட்டிக் காம்பைச் சப்பும்போது, உணவுக்குழாயின் அடியிலுள்ள இரண்டு தசை மடிப்புகள் உதடு போல் குவிந்து ஒரு குழாயாகிவிடுகின்றன. பால் முதல் அறைகளுக்குள் விழாமல் நேரே நான்காவதற்குப் போய்ச் சேர்கிறது. வாளியில் தலையைக் கவிழ்த்து மடக்மடக்கென்று குடித்தால் சில நேரம் அந்தக் குழாய் சரியாக மூடாது, பால் முதல் அறையில் விழுந்து புளித்துக் கழிச்சலாகும். கன்றின் உடம்பே தாயின் மடி இருக்கும் உயரத்துக்கும் கோணத்துக்கும் ஏற்றபடி வடிவமைந்திருக்கிறது. பிறகு அது வைக்கோலைக் கடித்துப் பார்க்கிறது, தாயின் தொட்டியில் மூக்கை விடுகிறது. புல்லும் தீவனமும் உள்ளே போகப் போக முதல் இரைப்பை பெருக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் மர நிழலில் படுத்துக்கொண்டு நன்றாக அசைபோடும்போது, உள்ளே வேறொரு விலங்கு உருவாகியிருக்கிறது.

தாய்க்கும் கன்று இல்லாமல் ஆகாது. மடியில் பால் இருப்பது வேறு, பால் இறங்குவது வேறு என்பது கறப்பவர்களுக்குத் தெரியும். கன்று மூக்கால் மடியை முட்டிச் சப்பும்போது அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போய், பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் இரத்தத்தில் கலக்கிறது. அது மடிக்குள் இருக்கும் நுண்ணிய பால் பைகளை இறுக்கிப் பிழிந்த பிறகுதான் காம்புக்குப் பால் வருகிறது. நாட்டு மாடுகளில் இது பெரும்பாலும் கன்றின் வாயை நம்பியே நடக்கும். அதனால்தான் முதலில் கன்றை ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் பிடித்து இழுத்து, தாயின் முன்னங்காலருகே கட்டிவைத்துக் கறக்கிறார்கள். பசு கன்றை நக்கிக்கொண்டே நிற்கும், பால் நிற்காமல் வரும். மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்துப் பாறைச் சிற்பத்தில் இதை அப்படியே பார்க்கலாம். ஒருவர் உட்கார்ந்து கறக்கிறார், பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அன்பைக் காட்டுவதற்காக மட்டும் கன்றை அங்கே செதுக்கியதாக நான் நினைக்கவில்லை. அந்தக் கன்று இல்லாவிட்டால் கறப்பவரின் கையில் இருக்கும் கலம் நிறையாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கன்று செத்துப்போன வீட்டில் அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, நான்கு குச்சிக் கால்களில் தாயின் முன்னால் நிறுத்திக் கறந்த வழக்கம் தெரிந்ததுதான். பார்க்கவே மனம் பொறுக்காத காட்சி. தாய் அந்த வைக்கோல் கன்றை மோந்து, நக்கி, பாலை இறக்கும். அதற்கும் பெயர் கன்றுதான். உயிர் போன பிறகும் அந்த இடத்துக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டிருக்கிறது. கன்று செய்கிற வேலையை ஊசியைப் போட்டுச் செய்விக்கும் கெட்ட வழக்கம் பின்னால் வந்தது. அந்த ஊசியில் இருப்பதும் அதே ஆக்ஸிடோசின்தான்.

மாட்டுச் சந்தையில் நிற்பவர் இங்கே குறுக்கிட்டு, ஒன்றரை வயதுக் கிடாரியையும் நாங்கள் கன்று என்றுதான் விலை பேசுகிறோம், அது பால் மறந்து எத்தனையோ மாதமாகிறதே என்று கேட்பார். அவர் சொல்வது உண்மை. சந்தையில் வயதைக் கணக்கிடுவது பல்லைப் பார்த்து. பல் போடாதது, இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை முளைத்தது என்று அதற்குத் தனி அளவுகோல் இருக்கிறது. முதல் இரண்டு பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கச் சுமார் இரண்டு வயதாகும். வயதைச் சொல்ல இத்தனை துல்லியமான வழி வைத்திருப்பவர்களுக்கு, வயதைக் காட்ட ‘கன்று’ தேவையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கன்று என்று சொல்லும்போது அடுத்த சொல்லாக வருவது பெரும்பாலும் ‘எந்த மாட்டுக் கன்று?’ என்ற கேள்விதான். தாய் எவ்வளவு கறந்தது என்று கேட்டுத்தான் கிடாரிக்கு விலை வைக்கிறார்கள். பாலை விட்டாலும் தாயின் பெயரில்தான் அது நிற்கிறது. அது சினையாகித் தானே ஒரு கன்றை ஈன்றதும் பசு ஆகிறது, கன்று என்ற பெயர் கீழே நிற்பதற்கு இறங்கிவிடுகிறது. இடைப்பட்ட மாற்றத்துக்குத் தமிழ் வைத்திருக்கும் வினைச்சொல்லும் அழகானது: பால் மறத்தல். பாலை நிறுத்துவது தாயோ உரிமையாளரோ செய்யும் காரியம், மறப்பது கன்றின் காரியம். குழந்தைக்கும் இதே சொல்தான். தாய் வேப்பெண்ணெய் தடவிக்கொள்வாள், குழந்தை பால் மறக்கும். பால்குடிக் கன்று, பால் மறந்த கன்று என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் இருப்பதால், கன்று என்றாலே பால்குடிதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு அடைமொழிகளும் அதைப் பாலை வைத்தே அளக்கின்றன. ஆட்டுக்குட்டியை யாரும் அப்படி அளந்து பெயர் சொல்லிக் கேட்பது அரிது. வெள்ளாட்டிலும் பால் கறக்கிறார்களே என்றால், கறக்கிறார்கள்தான். எனினும் ஆடு வைத்திருப்பவருக்கு வருமானம் குட்டிதான், பால் பக்கத்து வரவு. மாட்டில் அது தலைகீழ், பாலுக்குத் திறவுகோல் கன்று.

இதைவிடப் பெரிய ஆட்சேபம் தோட்டத்திலிருந்து வருகிறது. வாழைக்கன்றும் மாங்கன்றும் எந்தத் தாயிடம் பால் குடித்தன? செடி கொடிகளுக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்று சொல்லலாம் என மரபியலே இடம் கொடுக்கிறது, நெல்லையும் புல்லையும் மட்டும் விலக்கிவிடுகிறது. நெல்லுக்கு இன்றும் நாற்றுதான், நெற்கன்று என்று யாரும் சொல்வதில்லை. வாழையைப் பொறுத்தவரை என் பதில் உறுதியானது. வாழைக்கன்று விதையிலிருந்து வருவதில்லை, தாய்வாழையின் கிழங்கிலிருந்து பக்கத்தில் முளைக்கிறது, அந்தக் கிழங்கின் வழியாகவே உணவை எடுத்துக்கொள்கிறது. நடுவதற்குக் கன்று எடுக்கும் விவசாயி எல்லாக் கன்றையும் எடுப்பதில்லை. ஈட்டிக்கன்று, நீர்க்கன்று என்று இரண்டு உண்டு. நீர்க்கன்றுக்கு இலை சின்ன வயதிலேயே அகலமாக விரிந்திருக்கும், பார்க்க லட்சணமாக இருக்கும், அனுபவமில்லாதவர் அதைத்தான் தேர்ந்தெடுப்பார். ஈட்டிக்கன்றின் இலை வாள் போல ஒடுங்கியிருக்கும், அடி மட்டும் பருத்திருக்கும். நல்ல தார் தருவது இதுதான். காரணம், ஈட்டிக்கன்று தாய்க்கிழங்கோடு இறுக்கமாகப் பிணைந்து அதனிடமிருந்தே சாப்பிடுகிறது, ஆகவே தனக்கென்று இலையை அகல விரித்துச் சமைக்க வேண்டிய அவசரம் அதற்கு இல்லை. நீர்க்கன்றுக்குத் தாயோடு பிடிப்புத் தளர்ந்துவிட்டது, தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள இலையை விரிக்கிறது. மண்ணுக்கடியில் நடக்கும் பால்குடி இது. தாய் தார் தள்ளிய பிறகு ஒரு கன்றை மட்டும் விட்டு மற்றப் பக்கக்கன்றுகளை நீக்குவதும், தாய்க்குரிய உணவைப் பல வாய்கள் பங்கு போடக் கூடாது என்பதற்காகத்தான். மலையாளத்திலும் வாழைக்கன்று ‘கன்னு’தான். யாழ்ப்பாணத்தில் வாழைக்குட்டி என்கிறார்கள். அங்கே கன்று போய்விட்டது, ஆனாலும் குட்டி முளைப்பது தாய்வாழைக்குப் பக்கத்தில்தான்.

மாங்கன்றுக்கு இப்படிச் சொல்ல எனக்கு வழியில்லை. கொட்டையைப் போட்டு முளைக்கிற மாஞ்செடிக்குத் தாய்மரத்தோடு எந்தத் தொடர்பும் கிடையாது. ஒட்டுக்கன்று தயாரிக்கும் ஒரு முறையில், தொட்டியிலுள்ள செடியைத் தாய்மரத்தின் கிளையோடு சேர்த்துக் கட்டி, இரண்டும் ஒன்றாகும்வரை மாதக்கணக்கில் வைத்திருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பிரிப்பார்கள். பால் மறக்கடிப்பதற்கு இதைவிட நெருக்கமான ஒப்புமை கிடைக்காது. ஆனால் சொல் அந்த முறையிலிருந்து வந்தது என்று காட்ட முடியாது, ஆகவே இதைச் சான்றாக வைக்க மாட்டேன். மாங்கன்றும் வேப்பங்கன்றும் மரக்கன்றும் கன்றின் நிழல் விரிந்து போனதால் வந்தவை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. ஒன்றை மட்டும் சொல்லலாம். தென்னையைப் பழைய பேச்சு கன்று என்று சொல்லாமல் பிள்ளை என்றே சொல்லி வந்தது. தென்னை பக்கக்கன்று விடுவதில்லை. நெற்று தாயை விட்டு விழுந்து, தனக்கு வேண்டிய தண்ணீரையும் பருப்பையும் கூடவே கட்டிக்கொண்டு, தனியாக முளைக்கிறது. இன்று தென்னங்கன்று என்பதும் பரவலாகிவிட்டது. ஆனால் வாழைப்பிள்ளை என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை.

உறவுப்பெயர் என்பதற்கு இன்னொரு வகைச் சாட்சியும் உண்டு, அது கதைகளில் இருக்கிறது. திருவாரூரில் அரசன் மகனின் தேர்க்காலில் கன்று விழுந்த கதை தமிழருக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரம் அதைத் தொட்டுச் செல்கிறது, பெரியபுராணம் விரித்துப் பாடுகிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றி, அவனை வென்றவனைக் கொண்டாடும் மகாவம்சமே ஏறக்குறைய இதே கதையைச் சொல்கிறது. இரண்டிலும் அரசனிடம் நீதி கேட்டு மணியை இழுத்தது தாய்ப்பசு. செத்தது என்னுடையது என்று கேட்க ஒரு தாய் வருகிறாள் என்பதில்தான் அந்த வழக்கே நிற்கிறது. அரசன் விதிக்கும் தண்டனையும் அதே உறவின் அளவில் இருக்கிறது: அவள் கன்றுக்கு ஈடாக அவன் மகன். இந்தக் கதையில் கன்று இருக்கும் இடத்தில் வேறெந்த இளமைப் பெயரை வைத்தாலும் தராசு சமமாகாது. வீடு குடிபுகும் நாளில் முதலில் உள்ளே அழைத்து வருவதும் பசுவைத் தனியாக அல்ல, பசுவும் கன்றுமாக. 1969-ல் காங்கிரஸ் பிளந்த பிறகு இந்திரா காந்தியின் அணிக்குக் கிடைத்த தேர்தல் சின்னத்தை ஊர்ச் சுவர்களில் ‘பசுவும் கன்றும்’ என்று எழுதினார்கள். 1971 தேர்தலில் அதற்குத்தான் வாக்குக் கேட்டார்கள். படம் ஒன்றுதான், ஆனாலும் பெயரில் இரண்டு உயிர் வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட சொல் யானையையும் குதிரையையும் கழுதையையும் ஏன் விட்டுப்போனது? கழுதைக்குட்டி, குதிரைக்குட்டி என்பதே இன்றைய பாடப்புத்தக மரபு. யானைக்கன்று என்பது பட்டியலில் உயிரோடு இருந்தாலும், நாளிதழில் படிப்பது ‘தாயைப் பிரிந்த குட்டி யானை’தான். பால்குடி அங்கே குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. ஏறக்குறைய 22 மாதம் சுமந்து பெறும் பிடியின் முன்னங்கால்களுக்கு நடுவே இரண்டு முலைகள் இருக்கின்றன. கன்று துதிக்கையை மேலே தூக்கிவிட்டு வாயை வைத்துக் குடிக்கிறது. இரண்டு ஆண்டுக்கும் மேலாகத் தாய்ப்பால் தொடரும். முதுமலை தெப்பக்காடு முகாமில் தாயில்லாமல் வந்த ரகுவும் அம்முவும் புட்டியில் பால் குடித்து வளர்ந்ததை, 2023-ல் ஆஸ்கர் பெற்ற ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படத்தில் உலகமே பார்த்தது. ஆனால் யானைப் பாலை நாம் கறப்பதில்லை. குதிரைப் பாலையும் கழுதைப் பாலையும் நம்பி இங்கே ஊர் வாழவில்லை. தாயும் கன்றும் ஒருவருக்கொருவர் எப்படித் தேவை என்பதை விடியலிலும் மாலையிலும் கையால் தொட்டுப் பார்க்கும் இடம் மாட்டுத் தொழுவம் ஒன்றுதான். அங்கே சொல் தேயவில்லை. மற்ற இடங்களில் ‘சின்னது’ என்ற பொருள் மட்டும் போதுமானதாக இருந்தது, அதற்குக் குட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் குட்டி என்ற சொல்லைச் சின்ன லாரிக்கும் வைக்க முடிகிறது, கன்றை அப்படி வைக்க முடியவில்லை. தாயைப் பிரிந்து தவிக்கும் யானையைப் பற்றி எழுதுகிற செய்தியாளர்கள் ‘யானைக்கன்று’ என்று எழுத வேண்டும் என்பது என் ஆசை. பிரிவு அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

தொழுவமும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சிக்குப் பிறகு ஜெர்சி, ஹோல்ஸ்டைன் ஃப்ரீசியன் கலப்பின மாடுகள் வீடு வீடாக வந்தன. மடியைக் கழுவும் கை பட்டாலே, வாளிச் சத்தம் கேட்டாலே அவற்றில் பல பாலை இறக்கிவிடும், கன்றின் வாய் தேவையில்லை. பெரிய பண்ணைகளில் பிறந்த கன்றைத் தனியே பிரித்து அளந்த பாலில் வளர்க்கிறார்கள். காளைக்கன்றுக்கு அந்த அளவும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை, சீக்கிரமே விலைக்குப் போய்விடுகிறது. பேச்சில் ‘கன்னு’ என்று நிறுத்தாமல் ‘கன்னுக்குட்டி’ என்கிறோமே, கன்றுக்குள்ளேயே இளமை இருக்கும்போது குட்டி எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. கன்று உறவைச் சொன்னது, சின்னது என்பதைச் சொல்லக் குட்டி தேவைப்பட்டது என்று நான் பதில் வைத்திருக்கிறேன். நகரத்துப் பிள்ளைகளுக்குக் கன்று என்றால் முதலில் நினைவுக்கு வருவது பள்ளி விழாவில் நடும் மரக்கன்றாக இருக்கலாம். ஆனாலும் தொழுவத்தின் பழைய கணக்கு எங்கோ ஒளிந்து தொடர்கிறது. மாட்டின் காதில் இன்று மஞ்சள் வில்லை போட்டு 12 இலக்க எண் கொடுக்கிறார்கள். சினை ஊசி போட்ட நாள், தடுப்பூசி போட்ட நாள் எல்லாம் அந்த எண்ணில் ஏறுகின்றன. புதிதாகக் கன்று விழுந்தால், அந்தச் செய்தியைப் பதிய வருபவர் முதலில் குனிந்து பார்ப்பது தாயின் காதைத்தான்.